அத்தியாயம் 7: குமுதினியைக் குமுதினி என்றே கூப்பிட வைக்க

திருவாதிரை முதற் பாதத்தில் பெண்பிள்ளை பிறந்தால் சாத்திரியார் குறிப்பில் 'கு' என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் குறிப்பை வட்ஸ்அப்பில் வாங்கிப் பார்க்கும் பாரிஸ் தாய்க்கும் சூரிச் தகப்பனுக்கும் அன்றிரவு நித்திரை வராது. 'கு'வில் என்ன பெயர் இருக்கிறது? குந்தவை, குயிலினி, குகப்பிரியா என்று சுற்றி வருவார்கள். புங்குடுதீவு வீடென்றால் கடைசியில் அம்மம்மாதான் முடிச்சை அவிழ்ப்பா: "ஏன் பிள்ளை, குமுதினி எண்டு வையுங்கோவன். நல்ல பூப்பேர்."

நல்ல பூப்பெயர்தான். குமுதம் என்பது ஆம்பல், அல்லி. குமுதினி என்றால் ஆம்பற்கொடி. ஆம்பல் நிறைந்த பொய்கையையும் அப்படிச் சொல்வதுண்டு. தாமரை சூரியனோடும் குமுதம் நிலவோடும் மலரும் என்பது பழைய கவி வழக்கு. இலங்கை 1986இல் தேசிய மலராக அறிவித்த நீலோற்பலமும் இந்தக் குடும்பத்துப் பூவே. 'குமுதம்' வார இதழ் 1947 முதல் வருவதால் மூலச் சொல் எந்தத் தமிழ் வாசகருக்கும் புதிதல்ல. 'குமுதினி' என்ற புனைபெயரில் எழுதிய சீரங்கத்து எழுத்தாளர் ஒருவரும் உண்டு. தாகூரின் 'யோகாயோக்' நாவலின் நாயகி பெயரும் குமுதினி. கதக் நடனத்தில் பெயர்பெற்ற குமுதினி லாகியா குஜராத்தில் வாழ்ந்தவர். ஆகவே இது ஒரு தீவுக்குள் அடங்கிய பெயரல்ல. இருந்தாலும் ஒஸ்லோவில் ஒரு வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால் குமுதினி ஒருத்திதான் இருப்பாள். அவள் பெயரை முதல்நாள் வாசிக்கப்போகிறவருக்கு அம்மம்மாவின் குரல் கேட்டிருக்காது. அவர் கையில் இருப்பது எழுத்து மட்டும்.

வெளிநாட்டுப் பெயர்ப்பதிவு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் "சுலபமான பெயராக வையுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. குமுதினியில் கடினமான ஒலி எதுவுமே கிடையாது. ழகரம் இல்லை, றகரம் இல்லை, ஞகரம் இல்லை. கடினம் எழுத்தில்தான் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ஆங்கில எழுத்தில் பெயர் எழுதும் முறை யாழ்ப்பாணத்தில் யாழ்ப்பாணத்தவர் வாசிப்பதற்காக வளர்ந்தது. அதே எழுத்து பாரிஸில் ஒன்று சொல்லும், பேர்ணில் இன்னொன்று சொல்லும். பெயரை மாற்றுவதைவிட அதை வாசிக்கப் போகிறவரின் மொழியைத் தெரிந்துகொள்வதுதான் வேலை.

முதலில் வீட்டில் சரியாகச் சொல்லுங்கள்

குமுதினி என்பதில் நான்கு எழுத்து, நான்கும் குறில். எதையும் இழுக்கக் கூடாது, எதையும் அழுத்தக் கூடாது. பள்ளியில் யாப்புப் படித்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: குமு நிரை, தினி நிரை, நிரைநிரை கருவிளம். இரண்டு கைதட்டலில் பெயர் முடிந்துவிட வேண்டும். குமு, தினி. பிறமொழிக்காரருக்கும் இப்படியே தட்டிக் காட்டுங்கள். இலக்கண விளக்கத்தைவிட அது சீக்கிரம் பிடிபடும்.

அடுத்தது தகரம். சொல்லின் தொடக்கத்தில் வரும் 'தம்பி'யின் தகரமும் நடுவில் வரும் 'குமுதினி'யின் தகரமும் நமக்கு ஒரே எழுத்து, வாயில் ஒன்றல்ல. உயிர்களுக்கு நடுவே அது மெலிந்து குரலொலி கலந்து வரும். நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், காற்று கொஞ்சம் கசியும். ஆங்கிலத்தில் 'மதர்', 'பிரதர்' என்ற சொற்களின் நடுவில் வருவது கிட்டத்தட்ட இதே ஒலி. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. பிள்ளையை நாம் கூப்பிடும்போது பெயர் மாறுகிறது. இகரத்தில் முடியும் பெயர் விளியில் ஈகாரமாக நீளும். தோழி தோழீ ஆவதைப் போல. விளையாட்டு மைதானத்தின் வாசலில் நின்று "குமுதினீ... வாங்கோ பிள்ளை" என்று கத்தும் அம்மாவிடமிருந்துதான் பிறமொழிக்கார ஆசிரியர் அந்தப் பெயரை முதன்முதலாகக் காதால் கேட்கிறார். அவர் பிடித்துக்கொள்வது அந்த நீண்ட 'னீ'யை. பிறகு வகுப்பில் வரவு கூப்பிடும்போதும் அதே 'னீ' வரும். நாம் "எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்" என்று குறைப்படுவோம். அவர் கேட்டதைத்தான் சொல்கிறார். ஆசிரியருக்கு அறிமுகம் செய்யும்போது கூப்பிடாதீர்கள். "இவளின் பெயர் குமுதினி" என்று தட்டையாக, வசனத்தின் நடுவே சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

எந்த எழுத்து, எந்த நாட்டில்

இங்கே ஆங்கில எழுத்துகளின் பெயரை ஊர் வழக்கிலேயே எழுதுகிறேன். ரொறன்ரோ, ரீச்சர், ரிவி என்று எழுதும் வழக்கப்படி வல்லொலி எழுத்து 'ரி', அதன் மெல்லிய இணை 'டி'. இந்த வழக்கைத் தமிழ்நாட்டு நண்பர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. உண்மையில் இது யாழ்ப்பாணத்துக் காதின் கூர்மை. ஆங்கிலேயரின் அந்த ஒலி நமது டகரமும் அல்ல, தகரமும் அல்ல, 'வெற்றி'யில் வரும் ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே காது கண்டுபிடித்திருக்கிறது.

அந்தக் காதுதான் ஆங்கில எழுத்து முறையையும் ஒழுங்குபடுத்தியது. ட்ட வந்தால் இரண்டு 'டி', ற்ற வந்தால் இரண்டு 'ரி', தகரம் வந்தால் 'ரி-எச்'. வட்டுக்கோட்டைப் பெயர்ப்பலகையையும் வெற்றிலைக்கேணிப் பெயர்ப்பலகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த ஒழுங்கு தெரியும். அது வருமுன் வெளியார் எழுதியது வேறு மாதிரி. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி ஆங்கிலத்தில் 'பற்றிக்கோட்டா' என்ற உருவில்தான் எழுதப்பட்டது. ஒல்லாந்தர் அந்தச் சிரமமே பட்டுக்கொள்ளவில்லை. புங்குடுதீவைச் சொல்ல வராமல் மிடில்பர்க் என்றே வைத்துவிட்டார்கள், காரைநகரை அம்ஸ்ரடாம் என்றார்கள். அவற்றில் இன்றும் வழக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் ஒன்றுதான்.

யாழ்ப்பாண ஒழுங்குப்படி குமுதினியின் தகரத்துக்கு 'ரி-எச்' போட வேண்டும். இந்தியாவில் இதே பெயரை வடமொழி எழுத்தைப் பார்த்து 'டி' போட்டு எழுதுவார்கள். எதை எடுப்பது?

இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 'ரி-எச்' நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. ஆங்கிலத்தில் அந்த இரட்டை எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு. வாசிப்பவர் 'மதர்' ஒலியை எடுத்தால் உங்கள் மகளின் பெயர் அம்மம்மா சொன்னபடியே வரும். 'திங்க்' ஒலியை எடுத்தால் வெறும் காற்றாக வரும். "மதரில் வருகிற ஒலி" என்று ஒருமுறை சொன்னால் போதும், எந்த ஆங்கிலக்காரருக்கும் அது விளங்கும். இன்னொரு தொல்லை அழுத்தம். ஆங்கிலக்காரர் நீண்ட பெயரில் கடைசிக்கு முந்திய அசையில் ஏறி நிற்பார். மந்திரவாதி ஹூடினியின் பெயர் அவருக்குப் பழக்கம் என்பதால் 'டி' போட்ட குமுதினி அந்த அச்சிலேயே 'குமுடீனி' ஆகும். கைதட்டல் இதற்குத்தான்.

ஜேர்மனியிலும் சுவிஸின் ஜேர்மன் பகுதியிலும் 'ரி-எச்' எழுதாதீர்கள். ஜேர்மனில் அது வெறும் 'ரி'. தோமஸ் என்ற பெயரில் எப்படி வருகிறதோ அப்படித்தான் உங்கள் மகளின் பெயரிலும் வரும். குமுதினி 'குமுற்றினி' மாதிரிக் கேட்கும். 'டி' போட்டால் 'டங்க' என்று நன்றி சொல்லும்போது வருகிற ஒலி கிடைக்கும். அது நமது தகரமல்ல, ஆனால் குரலொலி இருக்கும். உகரத்தை ஜேர்மன்காரர் நம்மைப் போலவே சொல்வார். அதில் திருத்த ஒன்றுமில்லை. சூரிச்சில் வளரும் பெரும்பாலான புங்குடுதீவுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஆங்கில நாடுகளைவிட வசதியாகவே அமையும்.

பிரான்ஸ்தான் சிக்கலான இடம். பிரெஞ்சில் 'யு' எழுத்து உகரம் அல்ல. உதட்டைக் குவித்து 'இ' சொன்னால் வருகிற ஒலி. இரண்டு 'யு' உள்ள குமுதினி அங்கே இரண்டு இடத்தில் மாறும். உகரம் வேண்டுமென்றால் 'ஓ-யு' எழுத வேண்டும். இது புதுச் செய்தியல்ல. புதுச்சேரிப் பதிவேடுகளில் பிரெஞ்சுக்காரர் குமாரையும் முத்துவையும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிக் குவாதலூப்புக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றைக்கும் முத்துச்சாமியை அந்த எழுத்தோடு குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். தகரத்துக்கோ பிரெஞ்சில் நல்ல செய்தி. அவர்களுடைய 'டி' பல்லில் படுகிற ஒலி. ஆங்கிலேயரின் 'டி'யை விட நமது தகரத்துக்கு அது கிட்ட.

அப்படியென்றால் பாரிஸில் 'ஓ-யு'வும் 'டி'யும் போட்டு எழுதிவிடலாமா? எழுதலாம், ஒலி அச்சாக வரும். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். நமது சனம் ஒரு நாட்டில் நிற்பதில்லை. பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் எத்தனை பேர் பின்னர் லண்டனுக்கும் லெஸ்ரருக்கும் குடிபெயர்ந்தார்கள்! பிரெஞ்சு எழுத்தில் எழுதிய குமுதினியை ஆங்கில ஆசிரியர் 'கௌமௌடினி' என்று வாசிப்பார். ஒரு நாட்டுக்கு மிகச் சரியாகத் தைத்த எழுத்து அடுத்த நாட்டில் முழுதாகக் கிழிந்துவிடும். ஒற்றை 'யு'வும் 'டி'யும் எந்த நாட்டிலும் முற்றிலும் சரியில்லை, எந்த நாட்டிலும் அடையாளம் தெரியாமல் போவதுமில்லை. பிரெஞ்சு உகரத்தை எழுத்தில் தீர்க்காமல் வாயால் திருத்துங்கள்: "ஓ-யு மாதிரி" என்று பிள்ளை இரண்டு சொல்லில் சொல்லப் பழகினால் அந்த வகுப்பில் பிரச்சினை முடிந்தது. நோர்வேயிலும் உகரம் இறுகித்தான் ஒலிக்கும், அங்கேயும் வாயால்தான் திருத்த வேண்டும்.

தீர்ப்பாகக் கேட்டால்: ஐரோப்பாவில் 'டி', ஆங்கில நாட்டில் இரண்டில் எதுவும் ஆகும். ஆனால் ஏற்கெனவே பதிந்துவிட்ட எழுத்தை இதை வாசித்துவிட்டு மாற்றப் போகாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்றிருந்தால் பிற்காலத்தில் இலங்கைப் பிரசாவுரிமை கேட்கும்போதும், ஊர்க்காணி உறுதியில் பெயர் ஏறும்போதும் சத்தியக் கடதாசி முடித்துத் திரிய வேண்டி வரும். ஒலிப்பு பிழைத்தால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம்.

எண்சாத்திரக்காரர் விஷயத்தில் மட்டும் நான் கறார். கூட்டுத்தொகை வரவில்லை என்று நடுவில் ஒரு 'எச்', கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்க்கச் சொல்வார். கடைசியில் இரட்டை 'ஐ' போட்டால் விளியில் நீளுகிற அந்த 'னீ' பாஸ்போட்டிலேயே ஏறிக்கொள்ளும். வேண்டுமென்றால் அந்த எழுத்துகளை வீட்டுக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது

இந்தப் பெயரோடு புங்குடுதீவுக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. வேலணையிலிருந்து கடல்வழித் தாம்போதியைத் தாண்டி, மடத்துவெளி, பெருங்காடு எல்லாம் கடந்து வீதி முடிகிற இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் கடலேற வேண்டும். இறங்குதுறையின் பெயர் பயணிகளின் வாயில் 'கேகேடி' ஆகச் சுருங்கிவிட்டது. நெடுந்தீவுக்குப் பலகாலமாக ஓடிவரும் படகுக்குப் பெயர் குமுதினி. தீவார் அதைக் குமுதினிப் படகு என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் அவர்களுக்குப் பூவுக்கு முன்னால் படகு நினைவுக்கு வரும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, அதில் பயணம் செய்த பொதுமக்களைக் குழந்தைகள் உட்பட வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அம்னெஸ்ரி இன்ரநாஷனல் அந்தச் சம்பவத்தை ஆவணப்படுத்தியது. நெடுந்தீவில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, மே 15இல் நினைவேந்தல் நடக்கிறது.

ஆகவே ஊரில் ஒரு வயதான அம்மா பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்கலாம். "படகின்ரை பேரோ, மோனை?" என்று கேட்கலாம். பெயர் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பிள்ளை குழம்பக் கூடாது. பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு விமானம் ஏறுமுன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். கேட்டால் மறுமொழி எளிது: "ஓமம்மா, அதே பேர்தான். என்ரை அம்மம்மா வைச்சவ." இதற்காகப் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படகின் பெயரையே யாரும் மாற்றவில்லை.

ஊரில் ஒலிப்புத் தொல்லை வராது, ஆனால் பெயர் முழுதாகவும் வராது. முதல்நாளே குமுதி, குமு, குமுதா என்று மூன்று பெயர் விழும். வெளிநாட்டிலும் சுருக்கம் வந்தே தீரும், அதை நீங்களே முந்திக்கொள்ளுங்கள். 'குமுதி' நல்ல சுருக்கம், தகரம் உள்ளே இருப்பதால் முழுப்பெயரைச் சொல்லவும் அது பழக்கும். விட்டுவிட்டால் வகுப்புத் தோழர்கள் 'கிம்' என்று வைப்பார்கள், பிறகு நாற்பது வயதிலும் அவள் கிம்தான்.

வேறு சில பூக்கள்

தாழை கடற்கரைப் பெண்ணுக்கு ஏற்ற அழகான பெயர். ழகரத்துக்கு இந்தியாவில் 'இசட்-எச்' எழுதுவார்கள், இலங்கையில் 'எல்' எழுதுவோம். 'எல்'லையே வையுங்கள். 'இசட்-எச்' பார்த்த ஆங்கிலக்காரர் 'விஷன்' என்ற சொல்லின் நடு ஒலியைச் சொல்வார். 'எல்' பார்த்தவர் 'தாலை' என்பார், அது பரவாயில்லை. நமது ஊரில் பேச்சில் பாதிப்பேர் 'தாளை' என்றுதான் சொல்கிறார்கள்.

செவ்வந்திக்கு ஜேர்மனி ஒத்துவராது. உயிருக்கு முன் வரும் 'எஸ்' அங்கே 'இசட்' ஆகும், 'வி' பலசமயம் 'எஃப்' ஆகும். மிஞ்சுவது என்ன பூவென்று யாருக்கும் தெரியாது. மல்லிகையில் நடுக் ககரம்தான் இடறும். நாம் 'மல்லிஹை'க்குக் கிட்டச் சொல்வோம், 'கே' எழுதினால் வல்லினமாக வரும், 'ஜி' எழுதுவது மேல். கொன்றையில் நமது ன்ற, ஆங்கிலேயரின் 'என்-டி'யோடு நன்றாக ஒத்துப்போகும். அப்படியே எழுதலாம்.

மாதவியும் பூப்பெயரே என்பது பலருக்குத் தெரியாது, மாதவி என்றால் குருக்கத்தி. கண்ணகை அம்மன் கோயில் இருக்கும் ஊரில் அந்தப் பெயரை வைக்கத் தயங்குபவர்களும் இருக்கலாம். மணிமேகலையின் மணிபல்லவம் எதிரே தெரிகிற நயினாதீவுதான் என்று பல அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த உரிமையில் மணிமேகலையின் தாய்க்கும் இங்கே இடமுண்டு என்பது என் எண்ணம். எழுதும்போது 'டி-எச்' வேண்டாம், 'மட்ஹவி' என்று இரண்டாக உடைத்து வாசிப்பார்கள்.

பிள்ளை தானே திருத்தப் பழகுவது

ஆறேழு வயதுவரை திருத்துவது பெற்றோர் வேலை. அதன்பிறகு அவள் வேலை. வீட்டில் ஒத்திகை பாருங்கள், அப்பா ஆசிரியராக நடிக்கட்டும்.

"குமுடீனி?"

"குமு-தினி, சேர். மதரில் வாற சத்தம்."

"ஓ, குமுதினி."

"ஓம், சரி."

கடைசியில் வரும் "ஓம், சரி" முக்கியம். திருத்தப்பட்டவர் சரியாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. உறுதி சொன்னால்தான் அடுத்தநாளும் அப்படியே சொல்வார். மன்னிப்புக் கேட்கும் குரலில் திருத்தக் கூடாது, கோபத்திலும் கூடாது. பெரியவர்கள் முன்னால் "பரவாயில்லை, எப்படியும் கூப்பிடுங்கோ" என்று பெற்றோர் சொல்லிவிட்டால் ஒத்திகை முழுவதும் வீண். அதைப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பட்டமளிப்பு விழாக்களில் பெயரை வாசிப்பவருக்கு ஒலிப்புக் குறிப்பு எழுதித் தரச் சொல்லும், அல்லது குரலில் பதிந்து தரச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் இப்போது பல. குரல் பதிவு கிடைத்தால் எழுத்தை விடுங்கள். பதியும்போது பெயரைத் தனியே சொல்லாமல், அந்நாட்டு மொழியில் "என் பெயர் குமுதினி" என்று வசனமாகச் சொல்லச் செய்யுங்கள், இரண்டு தரம். தனியே சொன்னால் அவளும் அம்மா கூப்பிடுகிற மாதிரிக் கடைசி எழுத்தை இழுத்துவிடுவாள். எழுத்துதான் தர வேண்டுமென்றால் கு-மு-தி-னி என்று நான்காகப் பிரித்து, எதையும் பெரிய எழுத்தில் காட்டாமல் எழுதுங்கள். பெரிய எழுத்தைக் கண்டால் வாசிப்பவர் அங்கே அழுத்துவார்.

பெயருக்குப் பின்னால் நிற்கும் தகப்பன் பெயரை அந்த நாடுகள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதும், வகுப்பில் மகளை அப்பாவின் பெயரால் கூப்பிடுவதும் அடுத்த அத்தியாயத்தில்.